நகரத்துக்குள் எஞ்சிய புதர்க்காடு உள்நாட்டு உயிரினங்களுக்கு உகந்ததா என்பதை எப்படி மதிப்பிடுவது?

சிட்னி போன்ற ஆஸ்திரேலிய நகரங்களில், குடியிருப்புகளுக்கு நடுவே எஞ்சியுள்ள புதர்க்காட்டின் வாழிடத் தரத்தை எப்படிக் கணிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பசுமையாகத் தெரிகிறது என்பது மட்டும் போதாது. முதலில் மரப்பொந்துகளைத் தேட வேண்டும். மரங்கொத்திகளே இல்லாத அக்கண்டத்தில், கரையானும் பூஞ்சையும் தீயும் அரித்து, போசம் என்னும் மரவாழ் பைவிலங்கும் ஆந்தையும் தங்கும் அளவுக்கு ஒரு யூகலிப்டஸ் மரத்தில் பொந்து உருவாகப் பெரும்பாலும் 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதால், பட்டுப்போன முதிய மரத்தையும் மதிப்புமிக்கதாகவே கணக்கிட வேண்டும். பொந்தின் விளிம்பு தேய்ந்து வழவழப்பாக இருந்தால், ஏதோ ஒரு விலங்கு அதைப் பயன்படுத்துகிறது என்று கொள்ளலாம்.

விழுந்த கட்டைகள், சருகுப் படுகை, நரி மற்றும் பூனை நடமாட்டம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடிப்புதரை நிதானமாக ஆராய்வது அவசியம். அது அழிந்து திறந்துபோன இடங்களில் நாய்சி மைனர் என்னும் உள்நாட்டுப் பறவை கூட்டமாகச் சேர்ந்து சிறு பறவைகளை விரட்டிவிடும். உண்ணிச்செடி அயல்நாட்டுக் களைதான். ஆயினும், வேறு புதரில்லாத இடத்தில் ஃபேரி ரென் போன்ற சிறு பறவைகளுக்கு அதுவே மறைவிடமாகிவிடுகிறது. ஆகவே அதை ஒரேயடியாக வெட்டியெறியாமல், உள்நாட்டுப் புதர்களை நட்டு வளர்த்தபடி படிப்படியாக அகற்றுவதே முறை என்பது என் உறுதியான கருத்து.