வில்லஸ் பரப்பளவு துண்டுக்குத் துண்டு மாறுவது பற்றி

நஞ்சுக்கொடியில் தொப்புள்கொடி சேரும் இடத்தருகே மூன்று துண்டு எடுத்ததாகவும், வில்லஸ் (நஞ்சுக்கொடிக்குள் விரல்போல் கிளைத்து நீளும் திசு) பரப்பளவு மூன்றிலும் வேறாக வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். கணக்கைச் சந்தேகிக்க வேண்டாம், துண்டெடுத்த விதம்தான் சிக்கல். நஞ்சுக்கொடி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. கருவின் பக்கமுள்ள தட்டை ஒட்டித் தடித்த தண்டு வில்லஸ்கள் (சிறு கிளைகள் பிரியும் அடித்தண்டுகள்) அதிகம்.

முழு உறுப்பையும் சம இடைவெளியில் வெட்டுங்கள். முதல் வெட்டின் இடம் மட்டும் குலுக்கலில் அமையட்டும். துண்டில் முழுத் தடிமனும் வர வேண்டும். துண்டின் நுண்ணோக்கிப் படத்தின்மேல் கோடுகள் போட்டு, அவை வில்லஸ் விளிம்பைக் கடக்கும் இடங்களை எண்ணி, இரண்டால் பெருக்கி, திசுவின்மேல் விழும் மொத்தக் கோட்டு நீளத்தால் வகுங்கள்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள், பலரும் தவறுவது இங்கேதான்! கிடைப்பது அடர்த்தி, அதாவது ஓர் அலகு கன அளவில் உள்ள பரப்பு மட்டுமே. உறுப்பின் மொத்தக் கன அளவால் பெருக்கினால்தான் உண்மையான பரப்பு. நிறைமாதத்தில் சுமார் 10 முதல் 14 சதுர மீட்டர் வரும். மெல்லிய துண்டாகச் சீவுவதற்குப் பதிக்கும் பாரஃபின் மெழுகில் திசு சுருங்குவதற்கும் திருத்தம் செய்யுங்கள்.