முள்ளு ஷெல்லின் கையேட்டில் மூன்று முள்

கேள்வி: நானும் நண்பனும் ப்ராஜெக்டுக்காகச் சின்னதாக ஒரு ஷெல் (தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) எழுதினோம். எனக்குச் சொந்த ஊர் முள்ளுக் கத்திரிக்காய்க்குப் பேர்போன இலவம்பாடி என்பதால் அதற்குப் பெயர் ‘முள்ளு’. மேன் பக்கமும் (மேன் கட்டளை திரையில் காட்டும் கையேடு) எழுதியாயிற்று. ஆனால் அதிலிருந்து கட்டளையைக் காப்பி செய்து டெர்மினலில் ஒட்டினால் ஓடவில்லை. ஒரு வரி காணாமலே போகிறது. இன்னோர் இடத்தில் நாங்கள் எழுதாத பூஜ்யம் ஒன்று வந்து நிற்கிறது. எங்கே தப்பு, சார்?
– காட்பாடியில் படிக்கும் மாணவர்

பதில்: பாஷ் ஷெல்லுக்குப் போட்டியாக முள்ளுக் கத்திரிக்காயா, பேஷ்!

நீங்கள் அனுப்பிய கோப்பைப் பார்த்தேன், தம்பி. மேன் பக்கத்தை வடிவமைக்கும் ட்ராஃப் என்ற நிரல், 1970களில் பெல் லேப்ஸில் அச்சுக்கோக்கும் இயந்திரத்துக்காக எழுதப்பட்டது. லினக்ஸில் இன்று அந்த வேலையைச் செய்யும் ஜிராஃபுக்கும் அதே புத்திதான். கல்யாணப் பத்திரிகை அடிப்பவர் மாதிரி, கண்ணுக்கு அழகாக இருக்கிறதா என்று பார்க்கும். ஷெல்லுக்கு அழகெல்லாம் தெரியாது, எழுத்து அச்சு அசலாக அதேதானா என்று மட்டும் பார்க்கும்.

முதலில் காப்பி விவகாரம். கோப்பில் வெறும் கோடு (-) போட்டால் ஜிராஃப் அதைச் சொற்களை இணைக்கும் சிறு கோடாக எடுத்துக்கொண்டு, யூனிகோடில் அதற்கென இருக்கும் வேறோர் எழுத்தை வைத்துவிடும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஒட்டினால் கட்டளை அதை ஆப்ஷன் (கட்டளையோடு கோடு போட்டுக் கொடுக்கும் விருப்பம்) என்று எடுத்துக்கொள்ளாமல், அந்தப் பெயரில் கோப்பு இல்லை என்று சொல்லிவிடும். சத்துவாச்சாரியில் நான் எடுக்கும் வகுப்பில் ஒரு பையன் இதை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் மல்லுக்கட்டினான். கடைசியில் கையால் தட்டிப் பார்த்தான், உடனே ஓடியது. ஆப்ஷன் வரும் இடமெல்லாம் \- என்று எழுதுங்கள். “என் லேப்டாப்பில் சரியாகத்தானே வருகிறது” என்று நண்பர் சொல்லக்கூடும். சில லினக்ஸ் பதிப்புகள் இந்தக் கோட்டைத் தாங்களே மாற்றிக் கொடுத்துவிடுகின்றன. அதை நம்பி எழுதாதீர்கள்.

ஒற்றை மேற்கோளுக்கும் இதே கதி, நேராக நிற்க வேண்டியது வளைந்துவிடும். அதற்குப் பின்சாய்வு (\), திறக்கும் அடைப்புக்குறி, அப்புறம் சின்ன எழுத்தில் ஏ, க்யூ. பின்மேற்கோள் (`) என்றால் கடைசி இரண்டு எழுத்து மட்டும் ஜி, ஏ. ஷெல் கையேட்டில் இந்த இரண்டும் பக்கத்துக்குப் பத்து தடவை வரும், சோம்பல் படாமல் மாற்றுங்கள்.

காணாமல் போன வரி புள்ளியில் தொடங்குகிறது. புள்ளிக் கட்டளையை (ஒரு கோப்பில் உள்ள கட்டளைகளை ஓட்டச் சொல்லும் ‘.’) விளக்கும் இடத்தில் உதாரணத்தை அப்படியே வரியின் முதலில் வைத்திருக்கிறீர்கள். வரி புள்ளியில் தொடங்கினால் ஜிராஃபுக்கு அது தனக்கு வந்த உத்தரவு. புரியாத உத்தரவாக இருந்தால் சத்தமில்லாமல் விட்டுவிடும். வரியின் முதலில் ஒற்றை மேற்கோள் வந்தாலும் அப்படித்தான். இரண்டுக்கும் முன்னால் \& சேர்த்தால் போதும். அது அச்சில் தெரியாது.

அந்தப் பூஜ்யம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. புதுவரிக்காக எழுதிய பின்சாய்வு-என், ஜிராஃபின் பாஷையில் “இந்தப் பெயருள்ள பெட்டியில் இருக்கும் எண்ணைக் கொடு” என்று அர்த்தம். உங்கள் உதாரணத்தில் அடுத்து வந்த ‘பி’யைப் பெட்டியின் பெயராக எடுத்துக்கொண்டது. அப்படியொரு பெட்டியே இல்லை, அதனால் பூஜ்யத்தை நீட்டிவிட்டது. பின்சாய்வை எழுத்தாகவே காட்ட, பின்சாய்வும் சின்ன இ-யும் சேர்த்துப் போடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: ‘விருப்பங்கள்’ பகுதியில் தடித்த எழுத்தைத் தொடங்கி மூடாமல் விட்டதால் பத்தி முழுக்கத் தடித்தே வருகிறது. அதற்கான மேக்ரோவை (புள்ளியில் தொடங்கும் உத்தரவு) தனி வரியில் போட்டால் அந்த வரியோடு முடிந்துவிடும், மூட மறக்கும் பேச்சே இல்லை.

திருத்தியதும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. மேன் கட்டளைக்குக் கோப்பின் பெயரை முன்னால் ./ சேர்த்துக் கொடுத்தால் நேராகத் திறந்து காட்டும். மேன்டாக் என்ற இன்னொரு மேன் பக்கக் கருவியை நிறுவி, குறை கண்டுபிடிக்கும் அதன் லிண்ட் முறையிலும் ஒருமுறை ஓட்டுங்கள், எந்த வரியில் என்ன குறை என்று எண்ணோடு சொல்லும். கோடு மாறிப்போனதை மட்டும் அதை நம்பி விடாதீர்கள். திரையில் வந்த ஒவ்வோர் உதாரணத்தையும் காப்பி செய்து, முள்ளுவிலேயே ஒட்டி ஓட்டிப் பாருங்கள்.