பாக்டீரியா சுவாசிக்கும்போது எலக்ட்ரானைக் கொட்ட ஆக்சிஜனுக்குப் பதிலாக எலக்ட்ரோடைத்தான் பயன்படுத்துகிறது என்று எப்படி உறுதி செய்வது?

மின்னோட்டம் ஏறுவதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். கொடுத்த உணவுக்கு ஈடாக எலக்ட்ரான் வந்ததா என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

முதல் முயற்சிக்கு ஜியோபாக்டர் சல்ஃபர்ரெடியூசென்ஸ் என்ற பாக்டீரியா போதும், அதற்கு உணவு அசிடேட். கிராஃபைட் அனோடு (பாக்டீரியா எலக்ட்ரானைக் கொடுக்கும் எலக்ட்ரோடு), கேத்தோடாகப் பிளாட்டினக் கம்பி, வெள்ளி-வெள்ளி குளோரைடு ரெஃபரன்ஸ் என மூன்றையும் பொட்டென்ஷியோஸ்டாட்டில் (வோல்ட்டை நிலையாக வைத்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) இணைத்து, ரெஃபரன்ஸுக்கு எதிராக அனோடை 0 வோல்ட்டில் நிறுத்துங்கள். வெப்பம் 30 டிகிரி. பஃபராக (அமிலத்தன்மை மாறாமல் காக்க) பைகார்பனேட் 30 மில்லிமோலார். மேலே 80:20 நைட்ரஜன்-கார்பன் டை ஆக்சைடு. ஆக்சிஜனைக் காட்டும் சாயமான ரெசசூரினும், ஆக்சிஜனை நீக்கச் சேர்க்கும் சிஸ்டைனும் வேண்டாம், இரண்டுமே அனோடில் வினைபுரிந்து அளவீட்டைக் குழப்பும்.

பலர் சறுக்குவது விதைக் கல்ச்சரில், அதாவது கலத்தில் இடுவதற்காக முன்பே தனியாக வளர்க்கும் பாக்டீரியாவில். அதில் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளச் சேர்த்த ஃப்யூமரேட் மிச்சமிருந்தால் செல்கள் அதையே பிடித்துக்கொள்ளும், அனோடு பக்கம் வராது. ஒரு அசிடேட் 8 எலக்ட்ரான் தரும், ஒரு ஃப்யூமரேட் 2 வாங்கும். ஆகவே 20 மில்லிமோலார் அசிடேட்டுக்கு 40 ஃப்யூமரேட் வைத்து வளர்த்தால் ஃப்யூமரேட்தான் முதலில் தீரும். தீர்ந்த கையோடு அனோடு உள்ள கலத்துக்கு மாற்றுங்கள்.

இனி கணக்கு. 100 மில்லிலிட்டரில் 10 மில்லிமோலார் அசிடேட் என்றால் 1 மில்லிமோல். முழுதும் எரிந்தால் சுமார் 772 கூலும். 1 மில்லி ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 9 நாள். மின்னோட்டம்-நேர வரைபடத்தின் கீழ்ப்பரப்பு 600 கூலும் காட்டினால் 78 சதவீதம். செல் வளர்ச்சிக்கும் கொஞ்சம் போகுமே, நல்ல எண்தான். பாதிகூடத் தேறாவிட்டால் ஆக்சிஜன் கசிவைத் தேடுங்கள். சிலிகான் குழாய் வழியாக அது தாராளமாக நுழையும், பியூட்டைல் ரப்பர் மூடிதான் சரி. 100-ஐத் தாண்டினால் குதிக்க வேண்டாம்! கேத்தோடில் பிறக்கும் ஹைட்ரஜனை இந்த பாக்டீரியாவே தின்று அதே எலக்ட்ரானைத் திரும்பச் சுற்றவிடுகிறது. கேத்தோடை மெம்பிரேன் போட்டுப் பிரித்துவிடுங்கள்.

அசிடேட் இருந்தும் மின்னோட்டம் ஏறாமல் நின்றால், பெரும்பாலும் பயோஃபிலிமுக்குள் (அனோடில் படிந்த பாக்டீரியாப் படலம்) அமிலம் தேங்கியிருக்கும். வோல்ட்டைக் கூட்டிப் பயனில்லை, பஃபரைக் கூட்டுங்கள்.

கடைசியாக, திரவத்தை அசிடேட் இல்லாத புதிய திரவமாக மாற்றுங்கள். மின்னோட்டம் படிப்படியாக விழ வேண்டும், அசிடேட் ஊற்றியதும் மீள வேண்டும். ஷிவனெல்லா என்ற வேறு பாக்டீரியாவாக இருந்தால் அதன் உணவான லாக்டேட் கொடுத்தாலும் உடனே பழைய அளவு வராது. எலக்ட்ரானைச் சுமந்து செல்ல அது சுரந்த ஃபிளாவின் பழைய திரவத்தோடு போய்விட்டிருக்கும்.