சூரியப் புயல் அடித்தால் கரன்ட் போகுமா?

கேள்வி: "இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமியை நெருங்கிக் கடக்கின்றன, போனை அணைத்துத் தள்ளி வையுங்கள், நாசா அறிவிப்பு" என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அடிக்கடி போடுகிறார். நம்பலாமா சார்? (வாசகி, தென்காசி)

பதில்: வேண்டாம். பல வருஷமாகச் சுற்றுகிற பொய் இது, தேதி மட்டும் எப்போதும் "இன்று இரவு"தான். நாசா அப்படி எதுவும் சொல்லவில்லை. காஸ்மிக் கதிர்கள் ராத்திரி பகல் பார்க்காமல் எந்நேரமும் வந்துகொண்டேதான் இருக்கின்றன, பெரும்பகுதியைக் காற்று மண்டலம் தடுத்துவிடுகிறது. சூரியப் புயல் வேறு சங்கதி, அது நிஜம். ஆனால் தரையில் இருக்கிற நம் உடம்பையோ தலைமாட்டில் கிடக்கிற போனையோ அது ஒன்றும் செய்யாது. அதனிடம் மாட்டுவது மேலே சுற்றும் செயற்கைக்கோளும், கீழே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் மின்கம்பியும்தான். சித்தப்பாவின் போன் எத்தனை அங்குலம்?

கேள்வி: மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். சூரியப் புயலால் கிரிட் (மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கிற மின்பின்னல்) விழும் என்கிறார்கள். அங்கே நடக்கிற ஒன்று இங்கே டிரான்ஸ்ஃபார்மரை எப்படித் தொடும்? (வாசகர், மேட்டூர்)

பதில்: விழும் சார், விழுந்திருக்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணம், 1989 மார்ச் 13, அதிகாலை 2.44 மணி. ஒன்றரை நிமிஷத்தில் மாகாணம் முழுக்க இருட்டு. 60 லட்சம் பேர், ஏறக்குறைய ஒன்பது மணி நேரம், அதுவும் அந்த ஊர்க் குளிரில்.

அதற்குச் சில நாள் முன்பு சூரியன் ஒரு பெரிய பிளாஸ்மா மேகத்தை, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயு மேகத்தை, வீசியெறிந்திருந்தது. இந்த மேகம் தன் காந்தப்புலத்தையும் கூடவே சுமந்து வரும், அந்தப் புலம் பூமியின் புலத்துக்கு எதிர்த்திசையில், அதாவது தெற்கு நோக்கி இருந்துவிட்டால் இரண்டும் பின்னிக்கொண்டு மேகத்தின் சக்தி உள்ளே இறங்கிவிடும். துருவப் பக்கம் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பெரும் மின்னோட்டங்கள் கிளம்பும், அவை ஏறி இறங்க இறங்கத் தரையில் காந்தப்புலமும் ஆடும். புலம் மாறினால் கம்பியில் மின்னழுத்தம் உண்டாகும், ஃபாரடே விதி, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விஷயம் என்னவென்றால், இந்த ஆட்டம் நிமிஷக் கணக்கில் மெதுவாக நடக்கிறது. நொடிக்கு 50 அல்லது 60 சுழற்சி ஓடுகிற ஏசி லைனுக்கு அது கிட்டத்தட்ட டிசி மாதிரிதான். எர்த் செய்த நியூட்ரல் வழியாக அந்த டிசி டிரான்ஸ்ஃபார்மர் சுருளுக்குள் ஏறினால், கோர், அதாவது உள்ளே இருக்கிற இரும்பு, ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு பக்கம் மட்டும் செறிந்துபோகும், அதற்கு மேல் காந்தத்தைத் தாங்காது. உறுமல், சூடு, ஹார்மோனிக்ஸ் (ஏசி அலையின் வடிவத்தைக் கெடுக்கிற உபரி அலைகள்) எல்லாம் அதற்கப்புறம் வரிசையாக வரும். கியூபெக்கில் வோல்டேஜைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த ஏழு கருவிகள் இந்த ஹார்மோனிக்ஸைப் பார்த்துவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக ட்ரிப் ஆயின, தங்களைக் காப்பாற்றிக்கொள்ள. அவை போனதும் வடக்கே ஜேம்ஸ் பே நீர்மின் நிலையங்களிலிருந்து சுமார் 1000 கிலோமீட்டர் வருகிற 735 கிலோவோல்ட் லைன்கள் நிற்கவில்லை. என்னைக் கேட்டால், கிரிட்டைச் சாய்த்ததில் புயலுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அந்தக் கருவிகளை ட்ரிப் ஆக வைத்த ரிலே செட்டிங்குக்கும் உண்டு.

கியூபெக்குக்கு இன்னொரு சாபம், காலடியில் இருக்கிற பழைய கெட்டிப் பாறை. அது மின்சாரத்தை எளிதில் கடத்தாது, அதனால் மண்ணில் ஓடியிருக்க வேண்டிய மின்னோட்டமும் கம்பியைத் தேடி வந்தது. நம் ஊர் துருவத்திலிருந்து வெகுதூரம் என்பதால் இந்த ஆபத்து இங்கே மிகக் குறைவு. அடியோடு இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: வெயில் இப்படிக் கொளுத்துவது சூரியப் புயலால்தானே? (வாசகர், வேலூர்)

பதில்: இல்லை. சூரியனின் சுறுசுறுப்புக்கு அடையாளமான கரும்புள்ளிகள் கூடிக் குறைய சுமார் 11 வருஷம் ஆகிறது, உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் இடையே நமக்கு வருகிற மொத்த சக்தியில் வித்தியாசம் ஏறக்குறைய 0.1 சதவீதம்தான். கத்திரியில் வேகிறோம் என்றால் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: 2024 மே மாதம் லடாக்கில் வானம் சிவந்ததைப் படத்தில் பார்த்தேன். கொடைக்கானலில் தெரியுமா? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: டிக்கெட் போட்டுவிடாதீர்கள். மே 10 இரவு லடாக்கின் ஹான்லேயில் தெரிந்தது துருவ ஒளியின் மேல் ஓரம் மட்டும். பச்சை நிறம் 100 கிலோமீட்டர் உயரத்தையொட்டி வருவது, சிவப்பு 200 கிலோமீட்டருக்கு மேலே, இரண்டுமே ஆக்சிஜன் அணுக்களின் வேலை. தூரத்திலிருந்து பார்க்கும்போது பூமியின் வளைவு பச்சையை மறைத்துவிட்டுச் சிவப்பை மட்டும் காட்டியது. இத்தனைக்கும் அது 2003க்குப் பிறகு வந்த மிகப் பெரிய வகைப் புயல். 1872 பிப்ரவரி 4 அன்று பம்பாயிலேயே துருவ ஒளி தெரிந்ததாகப் பதிவு இருக்கிறது, ஆனால் அப்படிப்பட்ட புயல் அபூர்வம். கொடைக்கானலில் நீங்கள் பார்க்க வேண்டியது சூரிய ஆய்வகத்தை, நூறு வருஷத்துக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிற இடம்.

கேள்வி: அப்படியானால் தென்னிந்தியாவில் நமக்குக் கவலையே இல்லையா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: உங்களுக்குத்தான் வேறு கவலை. காந்த நிலநடுக்கோடு, அதாவது பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கிற கோடு, உங்கள் வட்டாரத்தையொட்டிப் போகிறது, 1963இல் ராக்கெட் விட திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். இந்தக் கோட்டையொட்டிய வானத்தில், பொழுது சாய்ந்ததும் அயனி மண்டலத்தில் (மேலே மின்னேற்றம் பெற்ற காற்று அடுக்கில்) அடர்த்தி குறைந்த பெரிய குமிழிகள் கிளம்பி மேலேறும், செயற்கைக்கோளிலிருந்து வருகிற சிக்னல் அதில் நுழைந்து வரும்போது மினுங்கிச் சிதறும், ஜிபிஎஸ் தடுமாறும். புயல் என்று தனியாக வர வேண்டியதே இல்லை, சூரியன் சுறுசுறுப்பாக இருக்கிற வருஷங்களில் இது சாதாரணமாகவே கூடுதல். மேப் பார்த்து வண்டி ஓட்டுகிறவருக்குப் பெரிதாகத் தெரியாது, விமானத்தைத் துல்லியமாக இறக்க வேண்டியவருக்கும் நிலம் அளப்பவருக்கும் தெரியும்.

கேள்வி: சூரியனைக் கவனிக்கிற நம் விண்கலம் ஆதித்யா எல்1 புயலை முன்கூட்டியே சொல்லிவிடுமா? அவ்வளவு கிட்டே போனால் எரிந்துவிடாதா? (பத்தாம் வகுப்பு மாணவன், செங்கோட்டை)

பதில்: செங்கோட்டையிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம், திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி உங்கள் ஊர்க்காரர் ஆயிற்றே! சூரியனில் வெடிக்கிற ஒளி எட்டு நிமிஷத்தில் இங்கே வந்துவிடும், அதற்கு முன்னால் எந்தக் கருவியாலும் அதைப் பார்க்க முடியாது. பிளாஸ்மா மேகம் வர ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும், கிளம்பியதைப் பார்த்துச் சொல்லலாம். ஆனால் அது தெற்கு நோக்கிய காந்தப்புலத்தோடு வருகிறதா என்பது ஆதித்யா சுற்றுகிற எல்1 புள்ளியைக் கடக்கும்போதுதான் உறுதியாகத் தெரியும், அங்கிருந்து நமக்கு மிஞ்சுவது அரைமணி, அதிகம் போனால் ஒரு மணி நேரம். கிரிட் கன்ட்ரோல் ரூமில் லோடைக் குறைத்து உஷாராக அது போதும். எரிவதைப் பற்றிப் பயப்படாதே தம்பி. சூரியன் 15 கோடி கிலோமீட்டர், ஆதித்யா போயிருப்பது 15 லட்சம், நூற்றில் ஒரு பங்கு.