நுரையீரல் ஐஸ் பெட்டியில் எத்தனை மணி நேரம் தாங்கும்?

கேள்வி: நுரையீரல் மாற்றுக்காகப் பெயர் பதிந்துவிட்டு என் சித்தப்பா ஜோஹானஸ்பர்க்கில் காத்திருக்கிறார். துணைக்கு நாங்கள் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்து தங்கியிருக்கிறோம். நுரையீரல் கேப் டவுனில் கிடைத்தாலும் விமானத்தில் கொண்டுவருவார்களாம். அதற்குள் கெட்டுப்போகாதா? சிறுநீரகம் ஒரு நாள்கூடத் தாங்குமாமே? - ஒரு வாசகி, டர்பன்

பதில்: இரண்டு மணி நேர விமானப் பயணத்தில் கெட்டுப்போகாது, அம்மா. கொடையாளரின் உடலில் ரத்த ஓட்டத்தை நிறுத்திய நிமிடத்திலிருந்து ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை என்பது வழக்கமான கணக்கு. இதயத்துக்கு நான்கைந்து மணி நேரம்தான். சிறுநீரகம் 24 மணி நேரத்தையும் தாண்டும். ஆனால் சித்தப்பாவின் உடலில் தைத்து, ரத்தம் திரும்பப் பாயும் வரைக்கும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாவதாகத் தைக்கும் நுரையீரலுக்கு இன்னும் நேரம் கூடும்.

ஐஸில் போட்டு வைப்பதுதான் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது கடைசி வேலை. முதலில் நுரையீரல் தமனி வழியாக நான்கு டிகிரி குளிர்ந்த திரவத்தைச் செலுத்துவார்கள். பொட்டாசியம் குறைந்த, டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரை வகைப் பொருள் கலந்த திரவம் அது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு மூன்று லிட்டருக்கு மேல் போகும். இளஞ்சிவப்பு நுரையீரல் கண்ணெதிரே அரிசி மாவு நிறத்துக்கு வெளுத்துவிடும். பிறகு சிரைப் பக்கமிருந்து, எதிர்த்திசையில் இன்னொரு முறை. பயிற்சிக் காலத்தில் இந்த இரண்டாவது கழுவலை வீண் வேலை என்று நினைத்தவன் நான். தெளிந்துவிட்டது என்று நம்பிய நுரையீரலிலிருந்து கடுகு கடுகாக ரத்தக் கட்டிகள் வெளியே வந்ததைப் பார்த்த நாளோடு அந்த எண்ணம் போயிற்று.

மற்ற உறுப்புகளுக்கு இல்லாத ஒரு வசதி நுரையீரலுக்கு உண்டு. ரத்தம் நின்ற பிறகும் தன் காற்றறைகளில் இருக்கும் ஆக்சிஜனை அதன் செல்கள் எடுத்துக்கொள்ளும். அதனால் பாதி ஆக்சிஜன் கலந்த காற்றால் அளவாக ஊதி, மூச்சுக்குழாயை அடைத்துத்தான் வெளியே எடுப்பார்கள். முழுக்க ஊதக் கூடாது. விமானம் மேலே ஏறினால் உள்ளே இருக்கும் காற்று விரியும், மெல்லிய சுவர்கள் கிழியும். கடல் மட்டத்து டர்பனில் ஊதியது, 1,700 மீட்டர் உயரத்து ஜோஹானஸ்பர்க்கில் இறங்கிய பிறகும் கொஞ்சம் விரிந்தேதான் இருக்கும்.

ஐஸ் நேரடியாகப் படவும் கூடாது. உறைந்தால் செல்கள் உடையும். குளிர்ந்த திரவத்தில் மிதக்கவிட்டு, பை மேல் பையாகக் கட்டி, அதன் பிறகே பெட்டியில் வைப்பார்கள். நான்கு டிகிரியைவிடப் பத்து டிகிரியே நுரையீரலுக்கு நல்லது என்று டொராண்டோ மருத்துவர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்த வெப்பநிலையில் 12 மணி நேரத்துக்கு மேலும் வைக்க முடிகிறது. சந்தேகத்துக்குரிய நுரையீரலை 37 டிகிரியில், உடலுக்கு வெளியே மூச்சுவிட வைத்துச் சோதிக்கும் கருவியும் உண்டு. எல்லா ஊரிலும் அல்ல.

உண்மையில் நுரையீரல் பெரும்பாலும் கெடுவது பெட்டியில் அல்ல, அதற்கு முன்பு, கொடையாளர் படுத்திருக்கும் ஐ.சி.யு.வில். மூளைச்சாவின்போது ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். வென்டிலேட்டரில் இருக்கும்போது நிமோனியா தொற்றும். சிறுநீரகக் குழு சலைன் நிறைய ஏற்றச் சொல்லும், நுரையீரல் குழு வேண்டாம் என்று மல்லுக்கு நிற்கும். அதனால்தான் கிடைக்கும் கொடைகளில் சிறு பங்கு நுரையீரல்களே தேறுகின்றன.

இனி உங்கள் பக்கம். போன் இரவிலும் அணையாமல் இருக்கட்டும். அழைப்பு வந்த பிறகு, மருத்துவமனை சொல்லும் வரை சித்தப்பா எதுவும் சாப்பிடக் கூடாது, தேநீர் உட்பட. போய்ச் சேர்ந்த பிறகு, 'நுரையீரல் சரியில்லை, வீட்டுக்குப் போங்கள்' என்றும் சொல்லக்கூடும். அது அடிக்கடி நடப்பது, மனம் உடைய வேண்டாம். அவருக்குக் காய்ச்சலோ புதிதாகச் சளியோ இருந்தால், அழைப்பு வந்த அந்த நிமிடமே போனில் சொல்லிவிடுங்கள். வாசல் வரை வந்து சொன்னால், அந்த நுரையீரல் வேறொருவருக்குப் போய்ச் சேர வேண்டிய நேரம் கரைந்திருக்கும்.