டிசம்பரில் இலங்கை: ஏழு நாளில் எந்தப் பக்கம் போவது?

அரையாண்டுத் தேர்வு விடுமுறையில், சைவ உணவு மட்டுமே உண்ணும் வயதான பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஏழு நாள் இலங்கை செல்லவிருக்கும் பெருந்துறை வாசகர் ஒருவர், யாழ்ப்பாணத்து நல்லூர், திருகோணமலை, சிகிரியா, கண்டி, காலி ஆகிய அனைத்தையும் பார்த்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

முடியாது. நல்லூரையும் திருகோணமலையையும் இந்தப் பயணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். தொலைவு ஒரு காரணம்தான். பெரிய காரணம் மழை. வால்பாறையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது தாராபுரத்தில் வெறும் காற்று வீசுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை: இலங்கையின் நடுவிலுள்ள மலைத்தொடரும் அப்படித்தான் மழையைப் பிரிக்கிறது. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை வடக்கையும் கிழக்கையும் நனைத்துக்கொண்டிருக்க, காலி முதலான தென்மேற்குக் கரையில் வானம் தெளிந்து கடலும் அடங்கியிருக்கும். பெற்றோர் சிவாலயம் ஒன்றையாவது காண விரும்பினால், திருகோணமலையின் கோணேசுவரத்துக்குப் பதிலாக மேற்குக் கரையில் சிலாபத்தை அடுத்துள்ள முன்னேசுவரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சிகிரியா செல்லும்போது சிறிது சுற்றிப் போனால் போதும்.

சிகிரியா, ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் கோட்டை எழுப்பிய, ஏறத்தாழ 200 மீட்டர் உயரமுள்ள பாறை. படிகள் 1,200 அளவில் இருப்பதால், முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் அடிவாரத்து நீர்த்தோட்டங்களோடு நின்றுகொள்ளலாம். அவர்களுக்குக் கண்டியை அடுத்த பேராதனைத் தாவரவியல் பூங்காவே உகந்தது. புத்தரின் பல் பேணப்படும் கண்டி தலதா மாளிகைக்குள் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். வேட்டி சேலையில் வரும் பெரியவர்களுக்குச் சிக்கல் இராது. பிள்ளைகளின் அரைக்கால் சட்டையைத்தான் கவனிக்க வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பதை அங்கு அவமதிப்பாகக் கருதுவர்.

மலை ஊரான நுவரெலியாவில் இரண்டு இரவு தங்கச் சொல்லும் பயணத் திட்டங்களை நான் பரிந்துரைப்பதில்லை. ஊட்டியும் கோத்தகிரியும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவர்களுக்குத் தேயிலைச் சரிவுகள் புதிய காட்சி அல்ல. ஆனால் அங்குள்ள மலையகத் தமிழர்களோடு பேசிப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரால் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து முதலில் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். 1964ஆம் ஆண்டில் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பலர் நீலகிரியில் தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டதால், குன்னூரிலோ கூடலூரிலோ உறவினர் உள்ள குடும்பங்கள் இலங்கை மலையகத்தில் இன்றும் உண்டு. கண்டியிலிருந்து எல்ல என்ற மலை ஊருக்குச் செல்லும் மலை ரயிலுக்கு ஒரு மாதம் முன்பே இருக்கை பதிவு செய்வது நல்லது. மண்சரிவால் பாதை துண்டிக்கப்படுவதுண்டு என்பதால், ரயில் முழுத் தொலைவும் ஓடுகிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உணவில்தான் நீங்கள் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும். இடியாப்பம், சொதி, புட்டு, பருப்புக் கறி எல்லாம் எளிதில் கிடைக்கும். ஆனால் பார்வைக்குச் சைவமாகத் தெரியும் தேங்காய்ச் சம்பலிலும் சீனிச் சம்பலிலும் மாசிக் கருவாட்டுத் தூள் கலப்பது அங்கு இயல்பான வழக்கம். சில காய்கறிக் கறிகளிலும் அது சேரும். ஆகவே “சைவமா?” என்று பொதுவாகக் கேட்காமல், “மாசி போட்டிருக்கிறதா?” என்றே கேளுங்கள். பெற்றோர் சிறிதும் ஐயமின்றி உண்ண வேண்டுமென்றால், கொழும்பிலும் கண்டியிலும் தமிழர் நடத்தும் சைவ உணவகங்களை நாடலாம்.

கடவுச்சீட்டு, பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். மின்னணுப் பயண அனுமதியை அந்நாட்டு அரசின் தளத்திலேயே பெறுங்கள். அதைப் போலவே தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்கள் கூடுதல் பணம் பறிக்கும்.

நல்லூருக்கும் திருகோணமலைக்கும் கோடை விடுமுறையில் தனியாகச் செல்லுங்கள். ஏப்ரல் நடுவில் சிங்கள, தமிழ்ப் புத்தாண்டுக்காகக் கடைகளும் உணவகங்களும் சில நாள் மூடிக்கிடக்கும். அந்த வாரத்தைத் தவிர்த்து, மாத இறுதியில் புறப்படுவது வசதி.