யானையைச் சுட்டது கடமையா?

கேள்வி: ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘யானையைச் சுடுதல்’ கட்டுரை எங்களுக்குப் பாடம். மனசாட்சிக்கும் கடமைக்கும் நடந்த போராட்டத்தில் கடமை ஜெயித்தது என்று நோட்ஸில் இருக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் கருத்து?
- கல்லூரி மாணவி, திருவாரூர்

பதில்: ஒப்பாததுதான் சரி, அம்மா. நானும் இதை வகுப்பில் நடத்தியவன். ஆங்கில எழுத்தாளரான ஆர்வெல், வெள்ளையர் ஆட்சியில் போலீஸ் அதிகாரியாக இருந்த பர்மாவின் மௌல்மீனில், மதம் பிடித்த வளர்ப்பு யானை ஒன்று ஒரு கூலியாளை மிதித்துக் கொன்றுவிடுகிறது. இவர் துப்பாக்கியோடு போய்ச் சேரும்போது அது வயலோரம் நின்று புல்லைப் பிடுங்கி, முழங்காலில் தட்டிச் சுத்தம்செய்து தின்றுகொண்டிருக்கிறது. மதம் இறங்கிக்கொண்டிருக்கிறது, பாகன் வரும்வரை பொறுத்தால் போதும் என்று அவருக்கே தெரிகிறது. கடமை சுடச் சொல்லவில்லை. பின்னால் நின்ற இரண்டாயிரம் பேர் சிரித்துவிடுவார்களே என்ற பயம்தான் சுடவைத்தது. கடைசி வாக்கியத்தில் அவரே இதை ஒப்புக்கொள்கிறார்.

கடமை அப்புறம்தான் வருகிறது, சாக்காக. மதயானையை உரிமையாளர் அடக்கத் தவறினால் கொல்ல வேண்டும் என்பது சட்டம் என்கிறார். ஓர் ஆள் செத்திருந்ததால் தன் பக்கம் நியாயமாகிவிட்டது, அதனால் அந்தச் சாவில் தனக்கு மகிழ்ச்சியே என்று எழுதுகிறார். தன்னைப் பற்றி இவ்வளவு கேவலமான உண்மையை எழுதிவைக்க நெஞ்சுரம் வேண்டும். அவருடைய மனசாட்சி எழுத்தில்தான் வேலை செய்திருக்கிறது.

செத்தவர் யார் என்று பார்த்தீர்களா? ‘திராவிடக் கூலி’ என்கிறார், பெயர் இல்லை. முதுகுத் தோல் உரிந்து, முகமெல்லாம் சேறாகக் கிடக்கிறார். ஒரு கோரங்கிக் கூலியைவிட யானைக்கு மதிப்பு அதிகம், அதைச் சுட்டது அநியாயம் என்று இளம் வெள்ளையர்கள் பேசுகிறார்கள். கோரங்கி ஆந்திரக் கரையில் இருக்கும் பழைய துறைமுகம். அங்கிருந்து பர்மாவுக்குப் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். நம் தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கத்திலிருந்தும் அப்படித்தான் போனார்கள். யானை துடித்துச் செத்ததைப் பக்கம் பக்கமாக எழுதும் விடைத்தாள்களில் இந்த மனிதருக்கு ஒரு வரிகூட இருக்காது. எனக்கு அது பொறுக்காது. நீங்களாவது எழுதுங்கள்.

கேள்வி: ஆர்வெல் உண்மையில் யானையைச் சுட்டாரா?
- வாசகர், காரைக்குடி

பதில்: அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்களே இதில் ஒத்துப்போகவில்லை. 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் வேலை பார்த்ததும், விடுப்பில் இங்கிலாந்து போனவர் வேலையை விட்டதும் உறுதி. இந்தக் கட்டுரை வந்தது 1936இல்.

கடமை–மனசாட்சி மோதலைத் தேடுகிறவர்கள் 1931இல் வந்த அவருடைய ‘ஒரு தூக்கு’ கட்டுரையைப் படிக்கலாம். காவலர்கள் பிடித்து நடத்திப்போகும் கைதி, வழியில் தேங்கியிருந்த தண்ணீரை மிதிக்காமல் சற்று ஒதுங்கி நடக்கிறான். நல்ல உயிரோடு இருப்பவனைக் கொல்வது எவ்வளவு பெரிய தவறு என்று அந்த நொடியில்தான் புரிந்தது என்கிறார். ஆனாலும் தூக்கு நடக்கிறது, அவரும் கூடவே நிற்கிறார். அங்கே கேலி செய்யக் கூட்டம் எதுவும் இல்லை. எல்லாம் சட்டப்படி, உத்தரவுப்படி நடக்கிறது. கடமை ஜெயித்தது என்று நோட்ஸ் எழுத வேண்டுமானால் அதற்கு எழுதட்டும்.